இன்ஜின் சூடு

நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அன்றைக்கு வந்துவிட்டது.

மருமகளுக்குக் குழந்தை இல்லை. சேலத்து ஆஸ்பத்திரியில் அவளுக்கு எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. என் மகன் லாரி டிரைவர் என்றதும், "வருசக்கணக்கா இன்ஜின் சூட்டுல உக்காந்தா விந்தணு குறையலாம். புகையிலையும் ஆகாது. அவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். இதை எழுதக்கூட எனக்குக் கூச்சந்தான். மகன் வரமாட்டேன் என்றுவிட்டான்.

அடுத்த வாரமே என் நாத்தனார், அவனுக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணின் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு பங்காளிகளோடு வந்தார். அவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தது மருமகள்தான்.

"மொதல்ல இவன் டெஸ்டு எடுக்கட்டுங்க நங்கையா. வண்டி நின்னு போச்சுன்னா இன்ஜினப் பாக்காம ரோட்டையா மாத்துவாங்க?" என்று நாத்தனாரிடம் சொன்னேன்.

"ஏம்புள்ள, பொம்பள பேசற பேச்சா இது?" என்றார் நாத்தனார்.

"இவள மலடின்னு பேசறப்ப மட்டும் ஆருக்கும் கூச்சமில்லீங்களே!"

பங்காளிகள் டம்ளருக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். மகன் மெதுவாக வாசலுக்கு நழுவினான். தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டேன். "சாமி, நாளைக்கு லோடு ஏத்தாத. ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

"செரி, போலாம். கொஞ்சம் மெல்லப் பேசும்மா" என்றான்.

என்னைப் போய் ஒருவர் மெல்லப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை.