லோங்காங் வால் ஒட்டிய காட்டுத் தட்டான்

ஒரு பூச்சியின் வால் ஒடிந்ததற்காகக் கக்கூசுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட வீரன் நான். மறுநாள் எனக்கு ஒன்பது வயது நிறையவிருந்தது. இப்போது ஐம்பது, தாழ்ப்பாள் போடும் பழக்கம் மட்டும் போகவில்லை.

பல்கலைக்கழகத்தில் பூச்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த அத்தை, மெர்சிங் போகும் வழியில் ஒரு காட்டோடையில் ஊசித்தட்டான் ஒன்றைப் பிடித்துப் பாடம்செய்து, காகித மடிப்பில் வைத்து, தம்போயில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். தீக்குச்சியைவிட மெல்லிய உடம்பு, கறுப்பில் நீலக் கோடு. அதே நிறத்தில் நாலைந்து இனம் உண்டாம். ஆணின் வால் நுனியில் இருக்கும் குட்டிக் கொக்கிகளை லென்சில் பார்த்தால்தான் இது இன்னது என்று சொல்ல முடியுமாம்.

"வாலுதான்டா இதுக்கு அடையாள அட்டை, ஐசி. அது இல்லேன்னா ஆளு யாருன்னே தெரியாது" என்று சொல்லிவிட்டு அத்தை குளிக்கப் போனார்.

காகித மடிப்புக்குள் கிடந்தது எனக்கு ஹெலிகாப்டராகத் தெரிந்தது. வெளியே இழுத்து ஒரே ஒரு சுற்றுதான் பறக்கவிட்டேன். தரையிறங்கியபோது ஐசியைக் காணவில்லை.

வேறொருவன் என்றால் அழுதிருப்பான். நான் வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர் ஓடும் லோங்காங்குக்கு ஓடி, அங்கே திரிந்த ஊசித்தட்டான் ஒன்றைப் பிடித்தேன். அதன் வால் நுனியைக் கிள்ளி, சோற்றுப் பருக்கையால் காட்டுத் தட்டானுக்கு ஒட்டிவிட்டேன்.

அத்தை தலையைத் துவட்டிக்கொண்டே வந்து லென்சில் பார்த்தார். காகித மடிப்பையும் ஒருமுறை விரித்துப் பார்த்தார்.

"அலமாக்! இப்படி ஒரு வாலு எந்தப் புத்தகத்துலயும் இல்லடா. புது இனம் லா! பேப்பர்ல எல்லாம் வரும். உன் பேரையே வச்சிரலாமா?"

என் பெயரில் ஒரு போலிப் பூச்சி. நேராக என்னைப் பிடிக்கப் போலீஸ் வரும். கக்கூசுக்குள் புகுந்து தாழிட்டு, அங்கிருந்தே கத்தினேன்.

"அத்த, அது லோங்காங் தட்டானோட வாலு! நான்தான் ஒட்டுனேன்!"

"எதால ஒட்டுன?"

"சோத்தால!"

அத்தை கதவைத் தட்டினார்.

"என் டிகிரியே போச்சு. நாளைக்கு நீயும் ஓடைக்கு வர்ற. வேற ஒண்ணப் புடிக்காம வீடு கெடையாது, ஆமா."

பிறந்தநாளும் கேக்கும் போனதென்று தெரிந்தது. இனிமேல் காட்டில்தான் குடித்தனம் என்று முடிவுசெய்து, பல் பிரஷ், இரண்டு ஜட்டி, ஒரு பாக்கெட் பிஸ்கட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஓடையில் எட்டு முறை வழுக்கி விழுந்தேன். ஒன்பதாவது முறை அத்தையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தேன். இருவரும் தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே சிரித்தோம். மதியம் என் வலைக்குள் நீலக் கோடு துடித்தது. அத்தை இறக்கையைப் பதமாகப் பிடித்து, லென்சை என் கண்ணில் வைத்தார். நண்டின் இடுக்கி போல இரண்டு கொக்கிகள்.

"ஐசிய நல்லாப் பாத்துக்கிட்டியா?"

"பாத்துட்டேன் அத்த."

"அப்ப விட்டுரு."

பறந்துவிட்டது. டிகிரி போகிறதே என்று நான்தான் அழுதேன். அத்தை என் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தார்.

போன மாதம் அத்தையின் பழைய பூச்சிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அதே ஊசித்தட்டான். பக்கத்தில் குட்டிக் கண்ணாடிக் குப்பியில் அதன் சொந்த வால். சீட்டில் அத்தையின் கையெழுத்து: 'வால் நுனி காகித மடிப்பிலேயே கிடைத்தது.' அதற்குக் கீழே இனத்தின் பெயரும், வாலைப் பார்த்து அதை இனங்கண்ட தேதியும். என் பிறந்தநாளுக்கு முந்தின நாள்.

பிறந்தநாள் பரிசாகக் கூட்டிப்போன ஓடைக்கு, பல் பிரஷ்ஷோடு போய் அழுத வீரனும் நான்தான்.