காப்புக் கட்டியிருந்த வியாழக்கிழமை

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாக யோசித்துவிட்டேன். இரண்டு தடவை நோட்டு வாங்கினேன். முதல் நோட்டில் பத்துப் பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டாவது நோட்டு பலசரக்குச் சாமான் எழுதப் போய்விட்டது. நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன், அப்புறம் பஞ்சாலையில் முப்பது வருஷம் நூல் ஓட்டினேன். ஆனாலும் எழுத வராது என்பதல்ல காரணம். உள்ளதை எழுதினால் என் தப்பை எழுத வேண்டும். எழுதுகிற வேகத்தில் அம்மனையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியதாக ஆகிவிடுமோ என்றொரு பயம். தாயே, குறை உன்மேல் இல்லை. அதை முதலில் சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீடு கோவில்பட்டியில் ஊர் முடிகிற பக்கம், பஸ் போகாத ஒரு தெருவில் இருக்கிறது. இரண்டு அறை, ஒரு அடுப்படி. கரிசல் மண்ணானதால் ஆளுயரத்துக்குத் தோண்டி, மணல் கொட்டித்தான் அஸ்திவாரம் போட்டோம். அப்படியும் கோடையில் மண் பிளக்கும்போது சுவரில் கோடு விழும். ஐப்பசி மழைக்கு மண் உப்பினால் கதவு சாத்த வராது. இருந்தாலும் சொந்த வீடு. கிழக்கு அறையில் வெயில் இறங்காது. அந்த அறையை மகளுக்குக் கொடுத்திருந்தோம்.

மகளுக்குப் பத்து வயதில் வலிப்பு வந்தது. அப்போதிருந்து மாத்திரைதான். அவளுக்குக் கல்யாணம் காட்சி என்று எதுவும் பேசவில்லை, பேசவும் முடியாது. காலையில் பூக் கட்டுவாள், மத்தியானம் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவாள். "நல்லாத் தூங்கணும். அதுதான் பாதி மருந்து. தூக்கம் கெட்டுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். அந்தத் தூக்கத்தைக் காப்பாற்றுவதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் வேலை. என் வீட்டுக்காரி மிக்ஸி போடுவதைக்கூடக் காலையிலேயே முடித்துவிடுவாள். கருவாட்டுக்காரர் எங்கள் தெருவுக்குள் வரும்போது சத்தம் போட மாட்டார், கதவை வந்து தட்டுவார்.

கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு காலி மனை கிடந்தது. வேலிக்கருவை முளைத்த இடம். அதன் சொந்தக்காரர் வெளியூரில் கடை வைத்திருக்கிறவர். ஒரு நாள் இரண்டு பேர் டேப்போடு வந்து அந்த மனையை அளந்தார்கள். தெருமுனையில் டீக்கடை வைத்திருக்கிறவர்தான் விசாரித்து வந்து சொன்னார்.

"செல்போன் டவர் வரப் போவுதாம் அண்ணாச்சி. அடியில ஜெனரேட்டர் ஒண்ணு வைப்பானாம். கரண்டு போச்சுன்னா அதுதான் ஓடுமாம்."

மனைக்காரருக்கு போன் போட்டேன். மகள் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "என் இடத்த நான் வாடகைக்கு விடுதேன் அண்ணாச்சி. நாளைக்கு நீங்க உங்க மாடிய வாடகைக்கு விட்டா நான் வந்து கேப்பேனா?" என்றார்.

டவரிலிருந்து வருகிற கதிர் உடம்புக்கு ஆகாது என்று தெருவில் சிலர் சொன்னார்கள், அதெல்லாம் ஒன்றும் செய்யாது என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. தெரியாததை இங்கே எழுதப் போவதில்லை. ஜெனரேட்டர் சத்தம் எனக்குத் தெரியும். மில்லில் முப்பது வருஷம் மிஷின் சத்தத்தில் நின்றவன் நான்.

தெரு ஒன்றுகூடியது. மனு எழுதுவதற்கு எங்களிடம் ஒரு ஆள் உண்டு. போஸ்ட்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி. முத்து முத்தாக எழுதுவார். வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கினோம், கைநாட்டும் வாங்கினோம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அதைப் பார்த்து டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"டவர் வேண்டாம்னு மெசேஜ் போடுததுக்கு மொட்ட மாடில ஏறி நின்னுல்லா சிக்னல் பிடிக்கீங்க! அனுப்புத வரைக்கும் டவர் இருக்கணும், அனுப்பின பொறவு இருக்கக் கூடாது, என்ன?"

"நீரு டீயை ஆத்தும்வே" என்றார் போஸ்ட்மேன் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தோம். அன்றைக்கு எங்களுக்கு நம்பிக்கை இருந்தது.

மனு தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸுக்குப் போனது. விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்று பதில் வந்தது. பிறகு இரண்டு மாதம் ஒரு தகவலும் இல்லை. அதற்குள் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்துவிட்டது.

எங்கள் கோயிலில் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டினால் அடுத்த செவ்வாய் கொடை. வீட்டுக்கு ஒருவராவது மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொள்வோம். கட்டியவர் கொடை முடிந்து காப்பு அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. அதுவரை பதினெட்டு வருஷமாக நான் அக்கினிச்சட்டி எடுத்துவந்தேன். எல்லாம் மகளுக்காக நேர்ந்துகொண்டதுதான். அந்த வருஷம் புதிதாக இன்னொன்றும் வேண்டினேன். இந்த டவர் வரக் கூடாது தாயே, பிள்ளை தூக்கம் கெடக் கூடாது தாயே என்று.

காப்புக் கட்டிய மறுநாள், புதன்கிழமை காலையில் தபால் வந்தது. போஸ்ட்மேன் அண்ணாச்சி கோயில் வாசலில் வைத்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார்.

"நாளைக்கு, வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்குத் தூத்துக்குடிக்கு நேர்ல வந்து ஆட்சேபணையச் சொல்லணுமாம்."

எல்லார் கையிலும் மஞ்சள் கயிறு. டீக்கடைக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"பகல்ல போயிட்டு விளக்கு வைக்கதுக்குள்ள திரும்பிட்டா என்ன? ராத் தங்கக் கூடாதுன்னுதான நம்ம பெரியவங்க சொல்லிருக்காங்க?"

"போன வருசம் காப்போட சாத்தூருக்குப் போயி டீத்தூள் வாங்கிட்டு வந்தீரு. மறுநாளே பாய்லர் வெடிச்சுதுல்லா" என்றார் ஒருவர்.

"பாய்லர் எங்கவே வெடிச்சுது? வாஷர் போச்சு. வாஷர் போறதுக்கெல்லாம் ஆத்தா வருவாளா?"

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கினிச்சட்டி எடுக்கிறவன் சொல்லுக்குக் கொடை நேரத்தில் ஒரு மதிப்பு உண்டு. டவருக்கு ஒட்டினாற்போல இருப்பதும் என் வீடு. நான் போகலாம் என்று சொல்லியிருந்தால் பத்துப் பேராவது வந்திருப்பார்கள்.

"எல்லை தாண்டக் கூடாதுன்னா தாண்டக் கூடாது. பகல் என்ன, ராத்திரி என்ன? அவ காரியத்துக்குக் கயித்தக் கட்டிட்டு நம்ம காரியத்துக்கு மீறுனா, அப்புறம் யார்ட்ட போயி நிப்போம்?" என்றேன்.

போஸ்ட்மேன் அண்ணாச்சிக்கும் அதுவே சரியாகப் பட்டது. "காரணத்தச் சொல்லி, வேற தேதி கேட்டு, ரிஜிஸ்டர் தபால் போட்டுருவோம். ரிஜிஸ்டர்ல போட்டா ஆள் நேர்ல போயி நின்ன மாதிரி. முப்பத்தஞ்சு வருசம் தபால் சொமந்துருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நாளைய விசாரணைக்கு இன்று போடுகிற தபால் எப்போது போய்ச் சேரும் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் யோசிக்கவில்லை. தபால்மீது அவருக்கு இருந்த நம்பிக்கை, அம்மன்மீது எனக்கு இருந்த நம்பிக்கை மாதிரி.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு வேதக்கார அம்மா இருக்கிறாள், சர்ச்சுக்குப் போகிறவள். தையல் மிஷின் வைத்துப் பிழைக்கிறவள். அவள் மனுவில் கையெழுத்துப் போட்டவள். கோயில் வாசலுக்குச் சற்றுத் தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் கலையும்போது என்னிடம் வந்தாள்.

"அண்ணே, நான் போயிட்டு வாரேன். எனக்குக் காப்பு இல்லைல்லா. மனு நகல மட்டும் குடுங்க, பாப்பா மாத்திரச் சீட்டும் குடுங்க. அவிய கேக்கதுக்குப் பதில் சொல்லிட்டு சாயங்காலம் வந்துருதேன்."

இந்த இடத்துக்கு வரும்போதுதான் முதல் நோட்டைக் கிழித்தேன்.

"வேண்டாம்மா. ஒத்த ஆளாப் போனா தெருவுல ஒரு வீடுதான் எதிர்க்குதுன்னு எழுதிருவாங்க. எல்லாரும் சேந்து இன்னொரு நாள் போவோம்" என்று சொன்னேன். சொன்ன காரணம் அது. மனசுக்குள் வேறொன்றும் இருந்தது. எங்கள் கொடை நடக்கும்போது, அம்மனிடம் நான் வைத்த வேண்டுதலை, கோயிலுக்கு வராத ஒருத்தி போய் முடித்துக்கொண்டு வருவதா என்று இருந்தது. அவள் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளைக்காகத்தான போகணும்? ஆத்தாளும் பிள்ளை பெத்தவதான? கோவிச்சுக்கிடுவாளா?"

"பேசாம இரு. காப்புக் கையோட பேசுத பேச்சா இது?" என்று அதட்டினேன். அவள் அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மட்டுமல்ல, இன்றுவரை பேசவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நான் கோயிலில் வேப்பங்குலை கட்டிக்கொண்டிருந்தேன். மைக் செட்டுக்காரர் குழாயை மரத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார். அன்று எனக்கு மனசு அமைதியாகத்தான் இருந்தது. பயம் இருந்தது என்று எழுதினால் பொய். செவ்வாய்க்கிழமை அக்கினிச்சட்டி ஏந்தித் தெருவைச் சுற்றி வந்தபோது கை சுடவில்லை. ஆத்தா கேட்டுவிட்டாள் என்று நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. ஆட்சேபணை செய்தவர்கள் யாரும் நேரில் வரவில்லை, ஆகவே ஆட்சேபணை இல்லை என்று கருதி அனுமதி தரப்படுகிறது என்று இருந்தது. எங்கள் தபால் விசாரணைக்குப் பிறகு வந்து சேர்ந்ததாகவும் ஒரு வரி. போஸ்ட்மேன் அண்ணாச்சி அந்த வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஜேசிபி வந்த அன்று பெண்கள் குழியோரம் உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரியும் தையல்காரம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்கள் யாரையும் தொடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார்கள். வேலையைப் பார்க்க வந்த சூப்பர்வைசர் உத்தரவின் நகலை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, நான் சம்பளத்துக்கு வேல பாக்குதவன். உங்களத்தான் முறையாக் கூப்டுருக்காங்கள்லா. அன்னைக்கே நீங்க போயிருக்கக் கூடாதா?"

நகலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். உச்சி வெயில் வந்ததும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அடுப்பு வேலை இருந்தது, பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் மத்தியானச் சோற்றுக்கு வரும் நேரம். கடைசியில் அந்த இரண்டு பேர்தான் இருந்தார்கள். அவர்களையும் நானே எழுந்திருக்கச் சொன்னேன்.

பாறை தட்டுகிற வரைக்கும் கரிசலைத் தோண்டிக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். எங்கள் கிழக்குச் சுவரில் விழுந்த கோடு இந்தத் தடவை மழைக்கும் மூடவில்லை. பங்குனியில் டவர் நின்றுவிட்டது. சித்திரையில் மத்தியானக் கரண்டு போக ஆரம்பித்தது.

முதல் நாள் ஜெனரேட்டர் ஓடியபோது மகள் எழுந்து உட்கார்ந்தாள்.

"எப்பா, வீட்டுக்குள்ள லாரி வருதா?"

"இல்லம்மா, வெளியதான். நீ தூங்கு."

"சுவரு நடுங்குதேப்பா."

அந்த வாரத்திலேயே அவளுக்கு இரண்டு தரம் வலிப்பு வந்தது. இரண்டாவது தரம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்னறையில் படுக்கவைத்தோம். காதில் பஞ்சு வைத்தோம். இரண்டே அறை உள்ள வீட்டில் எந்தப் பக்கம் போனாலும் அந்தச் சத்தம் இருந்தது. டாக்டரிடம் போய், இந்தச் சத்தத்தால்தான் என்று எழுதித் தாருங்கள், மறுபடியும் மனுப் போடுகிறேன் என்று கேட்டேன்.

"சத்தத்தாலதான்னு நான் எழுத முடியாதுங்க. தூக்கம் கெட்டா இவங்களுக்கு வரும். அத வேணா எழுதித் தாரேன்" என்றார். எழுதியும் தந்தார். அந்தச் சீட்டை வைத்து மனுப் போட்டேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டேன். அனுமதி கொடுத்த பிறகு மேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அந்த வழி தெரியாது, தெரிந்தாலும் அவ்வளவு தூரம் போக முடியாது. வீட்டை விற்றுவிட்டுப் போகலாம் என்றால், பார்க்க வருகிறவர்கள் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பார்கள், அப்புறம் திரும்பி வர மாட்டார்கள்.

கடைசியில் மகளைப் பசுவந்தனைக்குக் கூட்டிப்போனோம். அங்கே என் மைத்துனர் வீடு. மானாவாரி வெள்ளாமை பார்க்கிற குடும்பம், நல்ல மனசுக்காரர்கள். மகளைத் தனியாக விட முடியாது என்று என் வீட்டுக்காரியும் அங்கேயே தங்கிவிட்டாள். நான் இங்கே பொங்கித் தின்றுகொண்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். முதல் வருஷம் மகள், "எப்பா, எப்ப வீட்டுக்குப் போவோம்?" என்று கேட்பாள். இப்போது கேட்பதில்லை. அங்கே யாராவது அவளிடம் எந்த ஊர் என்று கேட்டால் பசுவந்தனை என்கிறாளாம்.

நான் இப்போதும் கோயிலுக்குப் போகிறேன். விளக்குப் போடுகிறேன். அக்கினிச்சட்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டேன். போயிட்டு வா என்று ஆத்தா அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று நின்று கேட்டிருக்கிறேன். சொல்லத்தான் செய்தாளோ, எதிர்வீட்டுக்காரி வாயால் சொன்னாளோ என்று நினைக்கும்போது கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை வருவதில்லை. அந்தத் தையல்காரம்மா ஒரு நாளும், நான் சொன்னேன்லா என்று சொல்லிக்காட்டியதில்லை. மகளுக்கு நைட்டி தைத்து என்னிடம்தான் கொடுத்துவிடுகிறாள்.

இந்தக் கதை தெருவில் இப்போது பல விதமாக நடமாடுகிறது. ஆபீஸில் பணம் விளையாடியது என்கிறார்கள். தபாலே வரவில்லை என்கிறார்கள். அக்கினிச்சட்டிக்காரர் கம்பெனிக்காரனிடம் வாங்கிக்கொண்டு எல்லாரையும் தடுத்துவிட்டார் என்று ஒரு பேச்சு. காப்பு மீறாத பக்தர் என்று என்னைப் புகழ்ந்து இன்னொரு பேச்சு. எது எனக்கு அதிகம் வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால் இருந்தது இருந்தபடி சொல்லுங்கள். எங்களைக் கூப்பிட்டார்கள். நாங்கள் போகவில்லை. போகிறேன் என்று சொன்ன ஒருத்தியையும் நான் போகவிடவில்லை. இதில் ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம், எனக்காக இரக்கப்பட்டு ஒரு வார்த்தை குறைக்கவும் வேண்டாம். சொல்வதால் என் மகள் வீட்டுக்கு வந்துவிடப் போவதில்லை. ஆனாலும் வேறொரு தெருவில் வேறொரு தபால் வந்து கிடக்கலாம்.