'நல்லா இருக்கேனுங்க' என்னும் வியாதி

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவிடமிருந்து போன். "மாமா வண்டியில ஏற மாட்டேங்கறாரு. இனிமே டயாலிசிஸே வேண்டாமாம். நீ கொஞ்சம் வாயேன்!"

காபியைப் பாதியில் வைத்துவிட்டு பீளமேட்டுக்கு ஓடினேன். மாமா — அக்காவின் கணவர் — பல வருஷங்களாக வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்பவர். நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தேதான் சொல்கிறார்!

சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க மாமா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அம்மணி. நல்லாத்தான் இருக்கறேன்."

நல்லா இருக்கிறவர் எதற்கு உயிரை விடத் துணிகிறார்? கேட்க வாயெடுத்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே, "இத்தன தூரம் வந்துபோட்டே… செரி, இன்னிக்கு ஒரு நாளைக்கு வாரேன்" என்றார். வீடு தேடி வந்தவளை வெறுமனே அனுப்பக் கூடாதே!

இந்த மரியாதைதான் எங்கள் கோவையின் பெருமை. சமயத்தில் அதுவே வியாதியும்கூட. விருந்தாளி நலம் விசாரித்தால் மூட்டுவலிக் கதையையா அவிழ்த்துவிடுவோம்? மாமா அந்த உபசாரத்தை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோய்விட்டார். டாக்டரம்மா ஒவ்வொரு முறையும் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். இவரும் "நல்லா இருக்கேனுங்க" என்பார். தீர்ந்தது விஷயம்!

அன்று அக்காவும் நானும் கூடவே போயிருந்தோம்; அன்றும் அப்படியே சொல்லி முடித்தார். டாக்டரம்மா அடுத்த பெட்டுக்குப் போனார். அங்கே ஒரு பெரிய மில் குடும்பத்து அம்மாள்.

"தோளு, முட்டி, இடுப்பு… எல்லாம் வலிக்குதுங்க டாக்டர். தூக்கமே இல்ல. எதுக்கு உசுரோட இருக்கோம்னு தோணுதுங்க" என்றவர், சட்டென்று சுற்றிப் பார்த்துக் கூச்சப்பட்டார். "எல்லாரும் கம்முனு இருக்காங்க. நான் ஒருத்திதான் புலம்பறேன் போல…" கண் கலங்கிவிட்டது.

மாமாவுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு பெண்மணி தனியாகத் தலைகுனிவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது மரியாதையா என்ன?

"ஏனுங்கம்மா, நீங்க ஒருத்தரு மட்டும் இல்லீங்க. எனக்கும் அப்படித்தானுங்க. சோத்தாங்கைத் தோளத் தூக்கவே முடியறதில்ல. சட்டை போடறதுக்குள்ள உசுரு போயிருது. ஊட்ல பாத்தா பயந்துக்குவாங்கன்னு கதவச் சாத்திக்குவேன். இதுக்குப் போயே சேந்துடலாம்னு இருந்தனுங்க…"

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்துவது கோபத்தில் என்று நினைத்து, பாவம், அவள் தினமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்!

டாக்டரம்மா ஒரு ஸ்டூலை இழுத்து இரண்டு பெட்டுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். "ரொம்ப வருஷம் டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு எலும்பு, மூட்டு, தசை வலி வர்றது உண்டுங்க. வலியால தூக்கம் கெடும், மனசு சோர்ந்துடும். மனசு சோர்ந்தா வலி இன்னும் பெரிசாத் தெரியும். ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா நீங்க வாயத் திறந்தாத்தானே எனக்குத் தெரியும்?"

ரத்தப் பரிசோதனை, மருந்தில் மாற்றம், பிசியோதெரபி, மனநல ஆலோசகர் — எல்லாம் ஆரம்பமாயிற்று. வலி மாயமாய்ப் பறந்துவிடவில்லை. ஆனால் தோள் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வருகிறது. 'வேண்டாம்' என்ற பேச்சு மட்டும் மறுபடி வரவில்லை. டயாலிசிஸ் நாளில் அவரே முதலில் கிளம்புகிறார். சட்டையை அக்கா மாட்டிவிடுகிறாள், கதவு திறந்தே இருக்கிறது. அந்த அம்மாளுக்கும் இவருக்கும் யார் கை அதிகம் உயர்கிறது என்று போட்டி வேறு!

டாக்டரம்மா இப்போதெல்லாம் 'எப்படி இருக்கீங்க' என்று கேட்பதில்லை. "இன்னிக்கு எங்கே வலி?" என்றுதான் கேட்கிறார். நானும் அதையே காப்பியடித்து நேற்று போனில் கேட்டேன்.

மாமா யோசித்து, நிதானமாகச் சொன்னார்: "முட்டி கொஞ்சம் புடிச்சிருக்குது அம்மணி. தோளு பரவால்ல. மனசு… போன வாரத்துக்கு இந்த வாரம் தேவல."

எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா?

'நல்லா இருக்கேன்' என்று சொல்லியிருந்தால்தான் பயந்திருப்பேன்!