ஜெஸீமா பம்பஸ் எரித்த நாள்

கிண்ணியாக் களப்பில் மட்டி எடுக்கக் கண் தேவையில்லை, கால் போதும். ஜெஸீமா இடுப்பளவு தண்ணீரில் நின்று பெருவிரலால் சேற்றைத் துழாவுவாள். கல்லைப் போல் தட்டுப்பட்டால் மட்டி. குனிந்து எடுத்து, இடுப்புக் கயிற்றில் மிதந்துவரும் ரெஜிபோம் நுரைப்பெட்டிக்குள் போடுவாள். மெத்தென்று தட்டுப்பட்டால் பம்பஸ், யாரோ பிள்ளைக்குக் கட்டிக் கழற்றி எறிந்த அணையாடை. தண்ணீர் குடித்துக் குடித்து ஊதிக்கிடக்கும் அதை மிதித்தால், உள்ளேயிருக்கும் கூழ் விரலிடுக்குகளில் பிதுங்கும். அந்தக் கூழுக்குள் மட்டியும் வாய் திறந்து கிடக்கும். அவள் மட்டி தின்பதை விட்டு ஒரு வருடமாகிறது. விற்பதை மட்டும் விட முடியவில்லை.

குவைத்தில் ஐந்து வருடம் பிறர் பிள்ளைகளுக்குக் குண்டி கழுவியவள் அவள். பிள்ளையின் மலத்துக்கு அவள் முகம் சுளித்ததில்லை. அதைச் சுருட்டிக் கட்டிப் பாலத்திலிருந்து எறிந்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு போகும் ஆட்களை நினைத்தால்தான் அவளுக்குக் குமட்டும்.

எறிகிறவர்களிடம் காரணம் இருந்தது. எரித்தால் பிள்ளையின் பின்புறம் வெந்துபோகும் என்பார்கள். புதைத்தால் நாய் கிளறும். தண்ணீர்தான் பேசாமல் வாங்கிக்கொள்ளும். ஜெஸீமாவுக்கும் அந்தப் பயம் இல்லாமலில்லை. ஏழு மாத மகனின் பம்பஸை அவளும் எரித்ததில்லை. ஓட்டோ ஓட்டும் கணவன் றஊப், சந்தியில் குப்பை டிரக்டருக்குக் கொடுப்பதாகச் சொல்லித் தினமும் பையை எடுத்துப் போனான்.

அன்று காலை கண்டல் வேருக்குள் சிக்கிக்கிடந்த பையொன்றை இழுத்தாள். வாய் ரோஸ் துணியால் கட்டியிருந்தது. அவள் தலையில் போடும் பழைய சோலில் கிழித்த துண்டு. முடிச்சும் அவள் போட்டதுதான்.

பக்கத்தில் மட்டி எடுத்துக்கொண்டு நின்ற நஜ்முன் நிஸா சிரித்துவிட்டாள். "ராத்தா, உங்கட ஊட்டுச் சாமான் உங்களையே தேடி வந்திருக்கு!"

அவளுக்கும் வீட்டில் கைக்குழந்தை. அவளுடைய பைகள் எங்கே போகின்றன என்று ஜெஸீமா கேட்கவில்லை. அன்றைய மட்டியைச் சேற்றிலேயே கவிழ்த்தாள். நாற்றமடிக்கும் பையைப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்கு நடந்தாள்.

றஊப் மடியில் பிள்ளையோடு கதிரையில் இருந்தான்.

"டிரக்டருக்குக் குடுத்த எண்டீங்களே?"

"டிரக்டர் கிழமைக்கு ஒருக்கா வாற. அதுவரைக்கும் ஓட்டோக்குள்ள வெச்சிட்டு ஓட ஏலுமா? ஆக்கள் மூக்கப் பொத்துறாங்க."

"அவங்கட மூக்குக்காக நான் இதக் காலால மிதிக்கணுமோ?"

அவள் முற்றத்தில் கிடந்த பாதி வெட்டிய பீப்பாய்க்குள் தேங்காய்ப் பொச்சு மட்டையை அடுக்கி, பையைக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றினாள்.

"விசரா உனக்கு? புள்ளைட குண்டி வெந்து போகும்!"

நெருப்புக்குச்சியோடு அவள் கை ஒரு கணம் நின்றது. பிள்ளையைப் பார்த்தாள். பிறகு குச்சியைக் கிழித்துப் பீப்பாய்க்குள் போட்டாள்.

ஈரப் பம்பஸ் எரியாது, வேகும். மஞ்சள் புகை ஒழுங்கையெங்கும் படர்ந்தது. ஜன்னல்கள் சாத்தப்பட்டன. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு றுக்கியா முந்தானையால் மூக்கைப் பொத்தி, "புள்ளைய நினைச்சுப் பாருங்க" என்றாள். ஜெஸீமா தடியால் கிளறிக்கொண்டே நின்றாள். உருகிய பிளாஸ்டிக் தடியில் ஒட்டி, நூல் நூலாய் வந்தது.

பின்னேரம் பிள்ளை வீரிட்டு அழுதது. றஊப் பம்பஸை விலக்கிப் பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தான். "வந்து பாரு! சிவந்து போய்க் கிடக்கு! நான் சொன்னன்தானே!"

அவள் ஓடிப்போய்ப் பிள்ளையை வாங்கினாள். தொடையிடுக்கு இரண்டும் சிவந்திருந்தன. பம்பஸ் சேறு நிறைந்த பெட்டியைப் போல் கனத்தது. காலையில் களப்புக்குப் போகுமுன் அவள் கட்டிய அதே பம்பஸ்.

"இத மாத்தவே இல்லையா நீங்க?"

றஊப் நிலத்தைப் பார்த்தான். "மாத்தினா அதையும் எரிச்சிருப்பாய். அதான் மாத்தாம வெச்சிருந்தன்."

ஜெஸீமா பிள்ளையைக் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினாள். அழுகை அடங்கியது. கழற்றிய பம்பஸை றஊபின் கையில் திணித்து, இன்னும் புகைந்துகொண்டிருந்த பீப்பாயைக் காட்டினாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டான். உடனே திரும்பிவந்து பிள்ளையின் பின்புறத்தை மறுபடி பார்த்தான்.

றுக்கியா இதையெல்லாம் பார்க்கவில்லை. 'சிவந்து போய்க் கிடக்கு' என்று றஊப் கத்தியதை மட்டும் கேட்டிருந்தாள். மஃரிப் தொழுகைக்கு முன்பே அந்தக் கதை பாலத்தடிவரை போய்விட்டது.

நஜ்முன் நிஸா போன் எடுத்துக் கேட்டாள். "புள்ளைக்கு வெந்து போச்சாம், உண்மையா ராத்தா?"

ஜெஸீமா நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். காலையில் கட்டியது, மாற்றாமல் வைத்திருந்தது, மூத்திரம் ஊறிச் சிவந்தது. மறுபுறம் பொறுமையாகக் கேட்டது.

"ஓம் ராத்தா, விளங்குது. எண்டாலும் நீங்க எரிச்ச நாளிலதானே சிவந்த?" என்றாள் நஜ்முன் நிஸா. "நல்ல காலம், நான் ஒரு நாளும் எரிக்கல்ல."