மயில்துத்தம் கலந்த பசை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மண்ணரை என்ற ஊரில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான ஒரு சிறு பள்ளியில் நான் டீச்சர். பனியன் கம்பெனிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வெட்டுத்துணி வரும். அதை அட்டையில் ஒட்டிப் படம் செய்யச் சொல்லிக்கொடுப்பேன். பசைக்கு மைதா காய்ச்சுவோம். பிள்ளைகள் பத்து நாள் உழைத்து ஒட்டிய யானையைக் கரப்பான்கள் இரண்டே நாளில் அரித்துவிட்டன. எங்கள் தெருவில் சுவரொட்டி ஒட்டுகிறவர், "ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டுக் காச்சுங்க டீச்சர், எந்தப் பூச்சியும் கிட்ட வராதுங்க" என்றார். பெரிய கெட்டிக்காரி மாதிரி நானும் போட்டேன். பசை இளநீலமானது. கண்டதையெல்லாம் வாயில் வைக்கும் பிள்ளைகள் நடுவே துத்தம் என்ற விஷத்தை வைக்கிறோம் என்று மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

அன்று மதியம், பேச்சே வராத பத்து வயதுப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். உதடெல்லாம் நீலம். அவள் முன்னால் பசைக் கிண்ணம் காலியாக இருந்தது.

"பசையத் தின்னியா கண்ணு?" என்று கேட்டேன். சிரித்தாள். அதட்டினேன். அதற்கும் சிரித்தாள். வாயைத் திறக்கப் பார்த்தால் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். அவள் அம்மா வேலை செய்யும் கம்பெனிக்குப் பள்ளி ஆயாவை ஓடச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு ஆட்டோவும் வரவில்லை. செத்துவிடுவாள் என்றே நினைத்தேன். போலீஸ் வரும், வேலை போகும், ஊர் காறித் துப்பும் என்றும் கூடவே நினைத்தேன்.

தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அம்மா ஓடிவந்தாள். மகளின் கன்னத்தை ஒரு விரலால் தட்டினாள். வாய் திறந்தது. உள்ளேயிருந்து எச்சில் சொட்டும் நீலத் துணித்துண்டு ஒன்றை உருவினாள்.

"பசிச்சா இப்பிடித்தானுங்க, துணியச் சப்புவா. சாயம் எறங்கியிருக்குது."

ஆயா உள்ளே போய் அவளுடைய அட்டையை எடுத்துவந்தாள். "பசை பூராவும் இதுலதானுங்க டீச்சர் அப்பியிருக்கறா."

என் நடுக்கம் நிற்கவில்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்டுல, இவ போய்ச் சேந்தாத் தேவலைன்னுதான் பேசறாங்க. இவளுக்காக இப்பிடி நடுங்குனது நீங்க ஒருத்தர்தானுங்க."

துத்தத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல், பிள்ளையின் நீல உதட்டை முந்தானையால் துடைத்துவிட்டேன். நான் நடுங்கியதில் பாதி எனக்காக. அதையும் அவளிடம் நான் சொல்லவே இல்லை.