பெயருக்கு இரண்டு கோட் சிவப்பு

ஆஸ்திரேலியாவின் இன்னிஸ்ஃபெயில் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் லியோங் யுக்-சிம்மின் பெயர், அவள் சாவதற்கு இருபத்தேழு வருஷம் முன்பே கல்லில் ஏறிவிட்டது. கணவர் லியோங் வா இறந்தபோது, ஒரே கல்லில் இரண்டு பெயரையும் வெட்டச் சொல்லிவிட்டாள். போனவருக்குத் தங்க நிறம், இருப்பவளுக்குச் சிவப்பு. சிவப்பு இருக்கும்வரை ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம்.

ஒவ்வொரு ஏப்ரலிலும், முன்னோர் கல்லறைக்குப் போய்க் கும்பிடும் சிங்மிங் நாளன்று பிள்ளைகுட்டிகளோடு போய்க் கல்லைக் கழுவி, வறுத்த பன்றி இறைச்சியும் ஆரஞ்சும் படைத்து, காகிதப் பணம் கொளுத்துவாள். பிறகு தன் பெயருக்கு எதிரே உட்கார்ந்து அதே இறைச்சியைச் சாப்பிடுவாள். "பாரு, என் பேரு எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு. உங்க அப்பா பேரு மங்கிப் போச்சு. உயிரோட இருக்கும்போதும் அந்த மனுஷன் அப்படித்தான்."

சீனாவில் கான்டன் பக்கத்துக் கிராமத்திலிருந்து இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவள். வந்த மறுவாரமே கணவரின் கடையில் மீனும் உருளைக்கிழங்கும் பொரிக்க ஆரம்பித்து, முப்பது வருஷம் பொரித்தாள். கரும்பு வெட்ட வந்த இத்தாலிக்காரர்களுக்கு அவள் பேசிய ஆங்கிலம் புரிந்தது, ஆங்கிலேயர்களுக்குத்தான் புரியவில்லை. முதல் குழந்தைக்கு என்ன பெயர் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, பிரசவம் பார்த்த நர்ஸின் சட்டையில் குத்தியிருந்த பெயரைக் காட்டிவிட்டாள். அப்படித்தான் மகள் பெரில் ஆனாள். பின்னால் அவளும் நர்ஸாகவே ஆனபோது, "நான் அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்று யுக்-சிம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

அந்த நர்ஸ் புத்திதான் ஒரு வருஷம் வம்பில் கொண்டுபோய் விட்டது.

இன்னிஸ்ஃபெயில் மழைக்கு மனிதர்களே பூஞ்சணம் பிடிக்காமல் தப்பிப்பது பெரிய காரியம், கல் எம்மாத்திரம்? யுக்-சிம்முக்கு அறுபத்தெட்டு வயது. இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, வியாழக்கிழமை டவுன்ஸ்வில்லில் அறுவை என்று முடிவாகியிருந்தது. ஞாயிறன்று சிங்மிங். குனிந்து தேய்த்து அம்மா மூச்சு வாங்க வேண்டாமே என்று பெரில் சனிக்கிழமையே தனியாகப் போனாள். வார்டு கழுவுகிற பழக்கத்தில் பிளீச்சை ஊற்றி, விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்தாள். கறுப்பு போயிற்று. பதினைந்து வருஷத்துச் சிவப்பும் செதில் செதிலாகக் கூடவே போயிற்று. கல் ஈரமாக இருந்ததால் பெரில் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் யுக்-சிம் கவனித்தாள். இறைச்சித் தட்டைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"ஏண்டி பெரில், என்னைக் கொன்னுட்டியா?"

"என்னம்மா உளறுற?"

"பேரைப் பாருடி. சிவப்பு எங்க?"

வெறும் கல்லில் வெறும் பள்ளமாக மூன்று எழுத்து இருந்தது. பெரிலின் மகள் டானியாவுக்குப் பதினாறு வயது. பாட்டி அவளுக்கு எப்போதும் போபோதான். சிரிப்பை அடக்க இருமினாள். "போபோ, நீங்க இங்கதானே நிக்கிறீங்க?"

"நான் நிக்கிறது உனக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியுமா?"

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கட்டிவைத்த பெட்டியை அவிழ்த்தாள். பைஜாமா அலமாரிக்குத் திரும்பியது. கையெழுத்துப் போட வேண்டிய சம்மதப் படிவத்தை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "போய்ச் சேர்ந்தவளுக்கு எதுக்கு ஆபரேஷன்? டாக்டருக்கு வேற வேலை இல்லையா?"

கல் வேலைக்காரருக்கு பெரில் போன் செய்தாள். அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார், பத்து நாளாகுமாம். அந்த வால்வு பத்து நாள் தாங்கும் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இந்த வாய்ப்பை விட்டால் அடுத்த தேதி ஜூனில்தான்.

"மா, நான் இருபது வருஷமா நர்ஸ். பெயிண்ட் போனதால செத்த ஆளை நான் பார்த்ததில்ல. வால்வு போனதால செத்தவங்களைப் பார்த்திருக்கேன்."

"நீ பார்த்தவங்கல்லாம் வெள்ளைக்காரங்க."

அன்று இரவுச் சோறு கிளறும்போதுதான் பெரிலுக்கு உறைத்தது. அறுவைக்கு முந்தின நாள் எத்தனை பேரை அவள் பார்த்திருக்கிறாள்! ஒருவர்கூடக் கத்தியைப் பற்றிப் பேசமாட்டார்கள். செருப்பைக் காணோம், தலையணை சரியில்லை, ஜன்னல் கிறீச்சிடுகிறது என்பார்கள். அவர்களிடம் விவாதம் செய்வதில்லை. செருப்பைத் தேடிக் கொடுப்பதுதான் வழக்கம். சொந்த அம்மாவிடம் மட்டும் ரெண்டு மணி நேரம் விவாதம் செய்திருக்கிறாள்.

திங்கள் காலை அம்மாவை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய், நகப்பூச்சு வரிசை முன்னால் நிறுத்தினாள்.

"இதுவா?" என்றாள் யுக்-சிம்.

"கல்லிலயும் நிக்கும், மழையிலயும் நிக்கும். சிவப்பை நீயே எடு."

அரை மணி நேரம் எடுத்தாள். ஒன்று ஆரஞ்சு மாதிரி இருந்தது, ஒன்று ஈரல் மாதிரி. ஒவ்வொன்றையும் பெரிலின் நகத்தில் பூசிப் பார்த்ததில் இரண்டு கையும் பத்து நிறமாயிற்று. "உங்க கைக்கு இந்த ரோஸ் எடுப்பா இருக்கும்" என்று கடைப்பெண் யுக்-சிம்மிடம் சொன்னாள். "கைக்கு இல்ல, கல்லறைக்கு" என்றாள் யுக்-சிம். கடைப்பெண் பில் போடப் போய்விட்டாள்.

தூறலில் டானியா குடை பிடிக்க, பெரில் மண்டியிட்டு அந்தக் குட்டித் தூரிகையால் பூசினாள். அவளுக்குச் சீன எழுத்து அரைகுறை. மேலே நின்று அம்மா ஏவினாள்: "அந்தப் புள்ளியை விட்டுட்டே. ஒரு கால் இல்லாம என்னை விட்டா நான் எப்படி நடப்பேன்?"

"ஆச்சும்மா. எழுந்திரிக்கட்டுமா?"

"இன்னொரு கோட்."

"ஒரு கோட் போதும்மா."

"ஒரு கோட் ஆபரேஷனுக்கு. இன்னொண்ணு அதுக்கு அப்புறம் இருக்கிறதுக்கு."

பெரில் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் இருவருக்கும் கஷ்டம் என்று தெரியும். இரண்டாவது கோட் அடித்தாள். யுக்-சிம் கல்லைப் பார்த்துக் கணவரிடம் சொன்னாள்: "கேட்டுக்கோ, நான் வரல. அடுப்பைப் பத்தவச்சு வைக்காதே."

வீட்டுக்கு வந்ததும் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து, பேனா கேட்டாள்.

வியாழன் அறுவை நடந்தது. பத்தாவது நாள் வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டைப் பற்றிய புகார் அதற்கு மேலும் ஒரு மாதம் ஓடியது. அதன்பிறகு பன்னிரண்டு வருஷம் இருந்தாள். ஒவ்வொரு சிங்மிங்குக்கும் அதே நிறக் குப்பியோடு வந்து இரண்டு கோட். ஊரில் அந்தக் குப்பி விற்பதை நிறுத்தியபோது, கெய்ர்ன்ஸிலிருந்து டானியாவை ஆறு வாங்கிவரச் சொன்னாள்.

எண்பதாவது வயதில், மதியச் சாப்பாடு முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் எழவில்லை.

தங்கம் பூசக் கல் வேலைக்காரர் வந்தார். உளியால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என்ன பூசியிருக்கீங்க இதுல? எழுத்துப் பள்ளமே மூடிப் போச்சு. சுரண்டினா கல்லே பெயரும்."

"சுரண்டாதீங்க. நான் எடுக்கிறேன்" என்றாள் பெரில்.

நகப்பூச்சு நீக்கி மூன்று பாட்டில், பஞ்சுக்குச்சி ஒரு டப்பா. டானியா குச்சி நனைத்துக் கொடுக்க, பெரில் கோடு கோடாகத் துடைத்தாள். கல் வேலைக்காரர் ஒரு டீ குடித்து, இரண்டாவதும் குடித்தார். மூன்று எழுத்துக்கு மூன்று மணி நேரம். கடைசியில் அந்தப் புள்ளி மட்டும் வர மறுத்தது.

"விட்டுடுங்க மா. போபோவுக்கு இஷ்டம் இல்ல" என்றாள் டானியா.

"அவளுக்கு எதுக்குத்தான் இஷ்டம் இருந்துச்சு?"

படுக்கையிலிருந்து எழ அடம்பிடிக்கும் கிழவர்களிடம் வார்டில் பேசும் அதே குரலில், பெரில் கல்லிடம் சொன்னாள்: "போதும்மா. வா. நான் பிடிச்சுக்கிறேன், வா."

புள்ளி வந்துவிட்டது. பஞ்சில் சிவப்பாக, மிளகு அளவு. பெரில் அதைக் குப்பைப் பையில் போட்டு, கையைத் துடைத்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேலைக்காரருக்கு இடம் விட்டாள்.

"ரெண்டு கோட் அடிங்க" என்றாள். "இல்லன்னா ஏச்சு எனக்குத்தான் விழும்."