பல்லி மலையேறிய நாள்

பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு இருக்கத்தான் செய்தது. வேலையிடத்தில் அதைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவனே திரும்பிப் பார்ப்பான். எல்லோருக்கும் அவன் பல்லி. உயரமான கண்ணாடிக் கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் கயிற்றில் தொங்கிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் அடித்து, ரப்பர் பட்டையால் வழித்தெடுக்கிற வேலை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வான், அதனால் அந்தப் பெயர். உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறவர்கள் ஜன்னலில் அவன் முகத்தைக் கண்டால் ஒரு விநாடி பதறிவிட்டு, பிறகு பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வார்கள். அவனும் அவர்களைக் கண்டுகொள்ள மாட்டான். கண்ணாடியில் தெரிகிற மலையைத்தான் பார்ப்பான். நகரத்துக்குப் பின்னால் செங்குத்தாக எழுந்து நிற்கிற அந்த மலை, எந்தக் கட்டடத்தில் தொங்கினாலும் கண்ணாடிக்குள் வந்து நின்றுவிடும். வருஷக்கணக்காக அதற்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டியிருக்கிறான். ஆனால் ஒரு தடவைகூடத் திரும்பி நேரில் பார்த்ததில்லை. தொங்கும்போது பின்னால் திரும்பக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். கீழே இறங்கிவிட்டாலோ, அவன் குடியிருந்த சந்தில் நிமிர்ந்து பார்த்தால் துணி காயப்போட்ட கொடிதான் தெரியும்.

இரண்டாவது பாடம் ஒன்று உண்டு. மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரைத் தாண்டி, முதுகைக் காற்றில் சாய்ப்பதற்கு முன்னால், மேலே நிற்கிற ஜோடிக்காரனிடம் "பிடிச்சாச்சா?" என்று கேட்க வேண்டும். அவன் முடிச்சைத் தொட்டுப் பார்த்து, கயிற்றை இழுத்துப் பார்த்து, காப்புக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு "பிடிச்சாச்சு" என்பான். அந்த வார்த்தை காதில் விழாமல் யாரும் உடம்பின் பாரத்தைக் கயிற்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். சண்டை போட்டு முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் இந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் தவறாது. பல்லிக்கு இது எவ்வளவு தூரம் ஊறிப்போயிருந்தது என்றால், கட்டிலில் சாயும்போதுகூட வாய் தானாக முணுமுணுக்கும். "பிடிச்சாச்சு, படுங்க" என்று இருட்டில் மனைவி பதில் சொல்வாள்.

இப்போது அவன் ஜோடிக்காரன், மனைவியின் தம்பி. அம்மா இல்லாத பிள்ளை என்று அக்காவே தூக்கி வளர்த்தவன். எந்த வேலையிலும் நிலைத்து நின்றதில்லை. அவனைக் கரை சேர்த்துவிடுங்கள் என்று மனைவி விடாமல் நச்சரித்து, பல்லி சூப்பர்வைசரின் கையைக் காலைப் பிடித்து அவனைச் சேர்த்துவிட்டான். ஆள் கெட்டவனில்லை. கை சுறுசுறுப்புத்தான், கவனம் மட்டும் கண்ட இடத்தில் மேயும்.

ஒரு காலையில் பல்லி கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். கேள்வியை முடிப்பதற்குள்ளேயே பதில் வந்துவிட்டது. அதுதான் முதலில் உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, சாய்ந்துவிட்டான். கயிறு முதுகைத் தாங்கவில்லை. ஒரு முழு மாடி உயரம் கல்லாகக் கீழே போனான். தளர்ந்து கிடந்த கயிறு சுவரின் விளிம்பில் எங்கோ சிக்கி வெடுக்கென்று இழுத்து நிறுத்தியது. இடுப்பில் தொங்கிய சோப்பு வாளி மட்டும் போய்ச் சேர்ந்தது. கீழே தடுப்புப் போட்டிருந்த வெற்றிடத்தில் விழுந்து சிதறிய சத்தம் அவனுக்கு ரொம்ப நேரம் கழித்துக் கேட்டதுபோல் இருந்தது. அண்ணாந்து பார்த்தான். விளிம்பில் மச்சினனின் முகம் வெளுத்துப்போய்த் தெரிந்தது. செல்போன் இன்னும் காதிலேயே இருந்தது.

முடிச்சை நான்தான் சரியாகப் போடவில்லை என்று பல்லி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டான். உண்மையைச் சொன்னால் மச்சினனுக்கு அன்றைக்கே கல்தா கொடுத்துவிடுவார்கள், வீட்டில் யார் முகத்தில் விழிப்பது. மச்சினன் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு இருவரும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பல்லிக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது பயம். சூப்பர்வைசர் இரக்கப்பட்டுக் கொஞ்ச நாள் கீழ்த்தளத்துக் கண்ணாடிக்கு மாற்றினார். பல்லி தரையில் ஊர்கிறது என்று மற்றவர்கள் கிண்டல் செய்தார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தான். வீட்டில்தான் வண்டவாளம் தெரிந்தது. சமையலறை பல்பு போய்விட்டது. ஸ்டூலில் ஏறப் போனவன் ஒரு காலை வைத்ததுமே எடுத்துவிட்டான். கடையில் நல்ல பல்பு இல்லை, அப்புறம் பார்க்கலாம் என்று சமாளித்தான். செல்போன் வெளிச்சத்தில் மனைவி காய் நறுக்கினாள். கட்டடம் கட்டடமாகத் தொங்கினவன் ஸ்டூலுக்குப் பயப்படுகிறான் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது.

திங்கட்கிழமை கயிற்றில் இறங்கியாக வேண்டும், முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடு, வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார். அவனுக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றுதான். அப்போதுதான் மலை ஞாபகம் வந்தது. மலை ஆடாது, அறுந்துபோகாது. அங்கே யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை, யார் பதிலையும் நம்ப வேண்டியதில்லை. தன் இரண்டு காலில் அந்த உயரத்தில் போய் நின்று நகரத்தைக் குனிந்து பார்க்க முடிந்தால் திங்கட்கிழமை தொங்கலாம். முடியாவிட்டால் பல்லி செத்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் என்று புளுகிவிட்டு, மனைவி கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தோடு கிளம்பினான்.

அடிவாரத்தில் கூட்டம் இருந்தது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள். தொட்டியைத் தாண்டினால் வழி இரண்டாகப் பிரிந்தது. அங்கே குடை விரித்துத் தண்ணீர் பாட்டில் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தான் பார்க்காத மலையா என்று ஒரு மிதப்பு. மலையின் இடது தோள் சரிவாக, யானை முதுகுபோல் இறங்கும், வலது பக்கம்தான் செங்குத்துப் பாறை. கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவான். இடது பக்கம் திரும்பினான்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு பாதை ஒல்லியாகி, ஒற்றைக்காலடித் தடமாகி, தடமும் போய்ச் சரளைக்கல்லாகிவிட்டது. ஒரு கால் வைத்தால் அரை கால் சறுக்கியது. உருளுகிற கற்கள் கீழே போய் எதிலும் முட்டுகிற சத்தம் கேட்கவில்லை. அது அவனுக்குப் பிடிக்கவில்லை. வாளி ஞாபகம் வந்தது. இந்தத் திருப்பம் தாண்டினால் சரிவு வந்துவிடும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு ஏறினான். சரளை முடிந்து பாறை வந்தது. மேலே மட்டும் பார்த்துக்கொண்டு, பிளவுகளில் விரலை நுழைத்து, ஒரு புதரின் வேரைப் பிடித்து எக்கி ஏறி, ஒரு பாறைத் திட்டில் போய் விழுந்தான். நாலு பேர் நெருக்கி உட்காரலாம், அவ்வளவுதான் அந்தத் திட்டு. அதற்கு மேலே சுவர். ஒரு விரல் நுழையக்கூட இடமில்லாத வழுவழுச் சுவர்.

முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு மெல்லத் திரும்பினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த நகரத்தைக் கண்ணாடி இல்லாமல் மேலிருந்து பார்த்தான். அவன் துடைத்த கட்டடம் வெயிலில் ஊசிபோல் மின்னியது. அதன் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று பார்த்தான். தன்னை நோக்கி நிற்கிறது. அப்படியானால் அங்கே தொங்கும்போது மலை அவனுக்கு முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. கண்ணாடியில் இடது கைப்பக்கம் தெரிந்த தோள், திரும்பி நின்றால் வலது கைப்பக்கம். தினமும் குளிப்பாட்டிய மலையை அவன் இத்தனை வருஷமும் தலைகீழாக, இல்லை, இடவலம் மாற்றிப் புரிந்துவைத்திருந்தான். சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. மச்சினனிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான் என்று நினைத்தான். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

மேலே வழி இல்லை, வந்த வழியே இறங்க வேண்டும். குப்புறப் படுத்து, இடுப்பு வரைக்கும் விளிம்புக்கு வெளியே தள்ளி, கண்ணுக்குத் தெரியாத பிளவைக் காலால் தேட வேண்டும். தேடினான். கால் பட்டது. இனி பாரத்தை அதற்குக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தில் உடம்பு நின்றுவிட்டது. எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. திரும்பத் திட்டில் ஏறிப் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். மறுபடி முயன்றான், மறுபடி நின்றான். இரண்டாவது தடவை திரும்பும்போது சோற்றுப் பொட்டலம் உருண்டு போயிற்று. அதன் சத்தமும் கேட்கவில்லை. உச்சி வெயில் சாய்ந்து மலையின் நிழல் நகரத்தின் பக்கம் நீள ஆரம்பித்திருந்தது. இங்கேயே இருட்டிவிட்டால் என்ற நினைப்பு வந்தது. வாய் முணுமுணுப்பதை அப்போதுதான் கவனித்தான். பிடிச்சாச்சா, பிடிச்சாச்சா. வாய் கேட்டுக்கொண்டே இருந்தது, உடம்பு பதிலுக்குக் காத்திருந்தது.

யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கவே இல்லை. விரல் தானாக மச்சினன் நம்பரை அழுத்தியது.

"மாமா, எங்க இருக்கீங்க? நான் உங்க வீட்லதான் நிக்கிறேன். அக்கா பல்பு மாத்தச் சொன்னா. ஸ்டூலை அவதான் பிடிச்சிட்டு இருக்கா."

மலை, பாறை, ஓவர்டைம் என்று எங்கிருந்து தொடங்குவது. பல்லி கேட்கத் தெரிந்ததை மட்டும் கேட்டான்.

"பிடிச்சாச்சா?"

அந்தப் பக்கம் ஸ்டூலிலிருந்து இறங்குகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு கதவு சாத்தப்பட்டது.

"இல்ல மாமா," என்றான் மச்சினன். "பிடிக்கல. உங்க கயிறு என் கையில இல்ல. நீங்க எங்க நிக்கிறீங்கன்னே எனக்குத் தெரியல." குரல் உடைந்துவிட்டது. "அன்னிக்கும் பிடிக்கல மாமா. பிடிக்காமலேதான் சொன்னேன்."

பல்லி நெற்றியைப் பாறையில் வைத்துக்கொண்டான். தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அதைக் காதால் கேட்டதும், அன்றைக்கு விழுந்ததிலிருந்து வயிற்றுக்குள் விழுந்துகொண்டே இருந்த ஏதோ ஒன்று தரையில் போய் உட்கார்ந்தது. யாரும் பிடிக்கவில்லை. பொய்யாகக்கூடப் பிடிக்கவில்லை. அப்படியானால் தன் கைதான் பிடிக்க வேண்டும். இது மூளைக்கு முன்பே தெரியும், உடம்புக்கு இப்போதுதான் தெரிந்தது.

எங்கே இருக்கீங்க, நான் வரட்டுமா என்று மச்சினன் பதறினான். வேண்டாம், நானே இறங்கிக்கிறேன், போனை மட்டும் வைக்காதே என்று சொல்லி, அதை அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். குப்புறப் படுத்தான். விளிம்பைத் தாண்டிக் காலை விட்டான். பிளவு பட்டது. பயம் ஒரு குன்றிமணிகூடக் குறையவில்லை. அதோடேயே பாரத்தைக் கொடுத்தான். பிளவு தாங்கியது. கையைக் கீழே மாற்றினான். வேர், பிறகு இன்னொரு பிளவு, முழங்கால் உரசித் தோல் வழன்றது. சரளைக்கு வந்ததும் வெட்கம் பார்க்காமல் உட்கார்ந்தபடியே தேய்த்துக்கொண்டு இறங்கினான். பாதையில் இரண்டு காலையும் ஊன்றிய பிறகுதான் பைக்குள்ளிருந்து சின்னக் குரலில் மாமா, மாமா என்று கூப்பிடுவது கேட்டது. வந்துட்டேன் என்றான். அந்தப் பக்கம் யாரோ அழுதார்கள். மச்சினனா மனைவியா என்று பிரித்துத் தெரியவில்லை.

வீட்டுக்குப் போனபோது சமையலறையில் புதுப் பல்பு பளிச்சென்று எரிந்தது. மச்சினன் எல்லாவற்றையும் அக்காவிடம் கொட்டிவிட்டிருந்தான். அவள் பல்லியின் முழங்காலுக்கு மருந்து போட்டாள். மருந்து எரிகிறதைவிட அவள் பேசாமல் இருந்தது எரிந்தது. கடைசியில், இனிமேல் ஸ்டூலுக்குப் பயம்னாக்கூட என்கிட்ட சொல்லணும் என்றாள். மச்சினன் மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய்ச் சூப்பர்வைசரிடமும் சொல்லிவிட்டான். அவர் கத்தித் தீர்த்துவிட்டு, இவனை மாடிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பதைப் பல்லியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார். அவனே வரட்டும் என்றான் பல்லி.

கைப்பிடிச் சுவரைத் தாண்டி நின்றான். காற்று அடித்தது. பயம் போகவில்லை, அன்றைக்கு விழுந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. முன்னால் கண்ணாடியில் மலை நின்றது, அதன் தப்பான தோளோடு.

"பிடிச்சாச்சா?"

பதில் வரவில்லை. முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிற சத்தம் கேட்டது. கயிறு இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது. பல்லி காத்திருந்தான். இன்னும் பதில் வரவில்லை. அந்தத் தாமதம் நீள நீள அவன் விரல்கள் சுவரிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

"பிடிச்சாச்சு மாமா."

பல்லி பயத்தோடேயே சாய்ந்தான்.